தொட்டி பார்த்த படலம்

பெண் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. வீடு பார்க்கப் போகிறவர்கள் உண்டு. மாடு பார்க்கப் போகிறவர்கள்கூட உண்டு. ஆனால் தொட்டி பார்க்கப் போகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் மீனைத்தான் பார்க்கிறார்கள். அதிலும் ஏஞ்சல் மீனைப் பார்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இலை போலத் தட்டையான உடம்பு. மேலும் கீழும் பாய் விரித்தாற்போல நீண்ட துடுப்புகள். அவசரமே தெரியாத நடை. பார்த்தவர் மனசைப் பறிகொடுத்து, விலை பேசி, பையில் வாங்கிக்கொண்டு கடைப்படி இறங்கும்போதுதான், "அடடா, இதை எதில் விடுவது?" என்ற ஞானோதயம் பிறக்கிறது. திரும்பிப் போய் ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைக் காட்டி, "இது போதுமா?" என்று கேட்கிறார். "தாராளம் சார்!" என்கிறார் கடைக்காரர். மாலைக்குள் விற்றாக வேண்டிய கிண்ணம் எல்லாமே தாராளமானதுதான்.

குன்னூரில் இருக்கும் என் சிநேகிதர் ஒருவர் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து வாடியது போதுமா, அரைத்த இலையின் நிறம் மாறியது போதுமா என்பதைத் தொட்டும் முகர்ந்தும் சொல்வதுதான் டீ மேக்கரின் உத்தியோகம். கை சொன்னதைச் சுவரில் தொங்கும் வெப்பமானியிலும் சரி பார்த்துக்கொள்வார். அரை மணி அவசரப்பட்டாலும் அன்றைய தேயிலை பாழ். முப்பது வருஷம் இந்தக் காரியத்தைச் செய்த மனிதரிடம் பேத்தி ஏஞ்சல் மீன் வேண்டும் என்று கேட்டாள். "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் இன்ச் டேப்பைத் தேடினார். மீன் வீட்டுக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. அதில் முதல் மூன்று மாதம் தொட்டி பார்ப்பதிலேயே போயிற்று.

அந்த ஐந்து மாதத்தில் அவர் வீட்டுக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். அவர் பார்த்த கணக்குகளைக் கேட்கக் கேட்க, இது மீன் விஷயம் மட்டும் அல்ல என்று தோன்றியது. முதலில் கணக்கையே சொல்கிறேன்.

ஏஞ்சல் மீனின் தாயகம் தென் அமெரிக்காவில் அமேசான் நதியும் அதன் கிளைகளும். மரநிழல் விழுந்து, வேகம் குறைந்து ஓடும் நீர். அதில் அமிழ்ந்து கிடக்கும் வேர்களும் நெடிய தண்டுகளும். அவற்றின் இடுக்கில் புகுந்து செல்வதற்காகவே அந்தத் தட்டை உடம்பு. மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புப் பட்டைகள், தண்டுகளின் நிழலோடு நிழலாக மறைந்துகொள்வதற்காக. அழகுக்காக இயற்கை எதையும் தைத்துக் கொடுப்பதில்லை போலும். அழகாக இருப்பதெல்லாம் ஏதோ ஒரு வீட்டின் அளவுக்குத் தைத்த சட்டைதான்.

கடையில் ரூபாய் நாணயம் அளவு இருக்கும் குஞ்சு, ஒரு வருஷத்துக்குள் ஆறு அங்குல நீளம் வளரும். நீளத்தைவிட உயரம் அதிகம். மேல் துடுப்பின் நுனியிலிருந்து கீழ் துடுப்பின் நுனி வரை எட்டு அங்குலத்துக்கும் மேல் போகும். இங்கேதான் சாதாரணத் தொட்டி தோற்றுப்போகிறது. ஓரடி உயரத் தொட்டியில் அடியில் கூழாங்கல் இரண்டு அங்குலம், மேலே காலி இடம் இரண்டு அங்குலம் போனால், நீர் எட்டு அங்குலம்தான். முழு வளர்ச்சி அடைந்த மீன் அதில் நிமிர்ந்து நிற்க முடியாது. துடுப்பு மடங்கும், மடங்கினது அழுகும். ஒன்றரை அடி உயரமானால் பதினாலு அங்குல நீர் கிடைக்கிறது. "மற்ற மீனுக்கு நீளம் பார்த்து வாங்கணும், இதுக்கு உயரம் பார்த்து வாங்கணும், தம்பி" என்றார் சிநேகிதர்.

"சின்னத் தொட்டியானால் மீன் அதற்குத் தகுந்தாற்போல் சின்னதாகவே இருந்துவிடும்" என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க சௌகரியமான பேச்சு. வளர்ச்சி குன்றுவது உண்மைதான். ஆனால் அது மீன் செய்துகொண்ட ஏற்பாடு அல்ல, நோய்.

ஒரு ஜோடியை வைத்துக்கொள்ள இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி போதும்; சுமார் 85 லிட்டர் பிடிக்கும். ஆனால் ஜோடியைக் கடையில் பொறுக்கி எடுக்க முடியாது. சிறு வயதில் ஆண் எது, பெண் எது என்று தெரியாது. ஆகவே ஆறு குஞ்சு வாங்கி, அவையாகவே ஜோடி சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஜோடி சேர்ந்ததும் அவை மற்ற நான்கையும் விரட்டும். தேவதை என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, குணத்தில் அது கொஞ்சம் பங்காளிச் சண்டைக்காரர்தான். விரட்டப்படுகிறவன் ஓடி ஒளிய இடம் வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, சிநேகிதர் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று தீர்மானித்தார். அதாவது ஆறே முக்கால் கன அடி. சுமார் 190 லிட்டர்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதோடு எட்டு மில்லிமீட்டர் கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்ந்து 250 கிலோ. குன்னூரின் பழைய வீடுகள் பலவற்றில் தரை மரப்பலகை. நடுக்கூடத்தில் வைத்தால் நடக்கும்போதெல்லாம் தொட்டி தளும்பும். ஆகவே பலகைக்கு அடியில் உத்தரங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று தட்டிப் பார்த்து, அவற்றின் குறுக்காக, உள்சுவர் ஓரமாக இடம் குறித்தார். ஜன்னல் ஓரம் கூடாது. வெயிலும் காற்றும் ஆகாது. வெளிச்சுவர் ஓரமும் கூடாது. மழைக்காலத்தில் அது வியர்க்கும்.

"இத்தனையும் சமவெளியிலே இருக்கிறவனுக்குக்கூடப் பொருந்தும். மலைக்கணக்கு இனிமேல்தான்" என்றார்.

ஏஞ்சல் மீனுக்கு 24 டிகிரியிலிருந்து 28 டிகிரி வரை உஷ்ணம் வேண்டும். மதுரைக்காரருக்கு அது பிரச்னையே இல்லை. அவர் குறைக்கத்தான் பாடுபட வேண்டும். குன்னூரிலோ குளிர்கால இரவில் வீட்டுக்குள்ளேயே 14 டிகிரி. ஊட்டியில் இன்னும் மோசம். தலைகுந்தாப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி வெள்ளை விரிக்கும். ஆகவே தொட்டிக்குள் மின்சார ஹீட்டர் இல்லாமல் முடியாது. அறைக்கும் நீருக்கும் வித்தியாசம் 12 டிகிரி என்றால், இந்த அளவுத் தொட்டிக்கு ஏறக்குறைய 120 வாட் இடைவிடாமல் செலவாகும். நாளைக்கு மூன்று யூனிட், மாதத்துக்குத் தொண்ணூறு. சிநேகிதர் மூன்று பக்கமும் அடியிலும் தெர்மாகோல் ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டு, அதைப் பாதியாகக் குறைத்தார். "இரண்டு மாசத்துக்கு ஒரு தரம் சர்க்கார் கொடுக்கிற நூறு யூனிட் இலவசத்தை மீனே குடிச்சிடுது" என்பார்.

ஹீட்டர் ஒன்றல்ல, இரண்டு. 300 வாட்டில் ஒன்று வாங்காமல், 150 வாட்டில் இரண்டு. ஒன்று பழுதாகி நின்றுபோனால் மற்றது காப்பாற்றும். ஒன்று அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும் மீன் உடனே வெந்துபோகாது.

இந்த இடத்தில்தான் பெரிய தொட்டியின் அருமை தெரிகிறது. நிறையத் தண்ணீர் மெதுவாகக் குளிரும். பத்து லிட்டர்க் கிண்ணம் மின்சாரம் போன ஆறு மணி நேரத்தில் பாதி உஷ்ணத்தை இழந்துவிடும். பொதிந்து மூடிய 190 லிட்டர்த் தொட்டி அதே ஆறு மணி நேரத்தில் ஒன்றரை டிகிரிகூட இறங்காது. காற்று அடித்தால் மரம் சாயும், மரம் சாய்ந்தால் கம்பி அறும் என்று தெரிந்த ஊரில், பெரிய தொட்டி ஆடம்பரம் அல்ல, அவகாசம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் மலை கை கொடுத்தது. சோலைக்காடுகளிலிருந்து வரும் நீர் உப்பில்லாத மென்னீர். அமேசான் நீரும் அப்படித்தான். ஆனால் கடை மீன் அமேசானைக் கண்டதில்லை. சென்னைக் கொளத்தூரில் வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்கிறார்கள். அங்கே கடினமான நிலத்தடி நீரில் பிறந்து வளர்ந்தது அது. பாட்டன் ஊர்த் தண்ணீரே ஆனாலும் திடீரென்று மாற்றினால் தாங்காது. சிநேகிதர் தாமே சென்னைக்குப் போய் ஆறு குஞ்சுகளைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வந்து, பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறினார். ஆறாயிரம் அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளியில் இறுக்கிக் கட்டிய பை மேலே வரும்போது பலூன் மாதிரி உப்பும். அதை எண்ணி, கடையிலேயே பையைத் தளர்வாகக் கட்டச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்ததும், ஆஸ்பத்திரியில் குளூகோஸ் ஏற்றும் குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பெட்டிக்குள் விட்டு, இரண்டு மணி நேரம் பழக்கினார்.

அதற்கு முன்னால் ஆறு வாரம் அந்தத் தொட்டி மீனே இல்லாமல் நிறைந்து நின்றது. தண்ணீர் இருக்கிறது, செடி இருக்கிறது, ஹீட்டர் எரிகிறது, மீன் மட்டும் இல்லை! அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். மீனின் கழிவில் அம்மோனியா உண்டாகிறது, அது விஷம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேறி, அதைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. தினம் துளி அம்மோனியா விட்டு வளர்த்தாலும் அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். குளிரில் இன்னும் தாமதமாகும். "இலை வாடறதுக்கு முன்னே உருளையிலே போடலாமா?" என்று கேட்டார் டீ மேக்கர்.

பெரிய தொட்டியானால் கழிவு விஷயத்தில் அலட்சியமாக இருக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். நீலகிரியிலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. ஏஞ்சல் மீனுக்கு ஜெர்மானிய அறிஞர் ஷுல்ட்ஸே விஞ்ஞானப் பெயர் சூட்டியது 1823-இல். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் நீரோடைகளைத் தடுத்து ஏரி உண்டாக்கினார். மலையின் முதல் பெரிய தொட்டி அது என்று சொல்லலாம். பிற்காலத்தில் அதன் ஒரு பகுதி பஸ் நிலையமாயிற்று. ஒரு பகுதி குதிரைப் பந்தய மைதானமாயிற்று. எஞ்சியதில் கோடப்பமந்து கால்வாய் ஊரின் சாக்கடையைக் கொண்டுவந்து சேர்த்தது. ஏரிக்கே அந்தக் கதி என்றால் மூன்றடித் தொட்டி எம்மாத்திரம்? வாரம் ஒரு முறை கால்பங்கு நீரை மாற்றியாக வேண்டும். மலையில் அந்தப் புது நீரில் வெந்நீர் கலந்து, வெப்பமானி வைத்துப் பார்த்து ஊற்ற வேண்டும்.

வெளியூர் மீன் இந்த மலைக்குப் புதிதும் அல்ல. டிரவுட் மீனை நீலகிரி ஓடைகளில் விட, டாக்டர் பிரான்சிஸ் டே 1863-இலேயே முயன்றார், பலிக்கவில்லை. பிறகு எச். ஸி. வில்ஸன் என்பவர் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்த பின்புதான் அது நிலைத்தது. ஆனால் டிரவுட் குளிரை விரும்பும் மீன். மலை எப்படி இருக்கிறதோ அப்படியே அதற்குப் பிடித்திருந்தது. ஏஞ்சல் மீனுக்காகவோ மலைக்குள்ளே சமவெளி ஒன்றை நாம் கட்டித் தர வேண்டியிருக்கிறது. அப்படிக் கட்டியதைக் காப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஓர் ஆடி மாத இரவில் நான் பார்த்தேன்.

அன்று நான் அவர் வீட்டில் விருந்தாளி. மீன்கள் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு ஜோடி சேர்ந்து, தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த சிலேட்டுத் துண்டில் முதல் நாள்தான் முட்டையிட்டிருந்தன. வரிசை வரிசையாக, ஜவ்வரிசியைவிடச் சிறியதாக, இருநூறு இருக்கும். தாயும் தகப்பனும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன. மாலை ஏழு மணிக்கு எங்கோ ஒரு கற்பூர மரம் சாய்ந்து மின்சாரம் போயிற்று. மழை கொட்டுகிறது. ஒன்பது மணிக்கும் வரவில்லை. சிநேகிதர் பாட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பைப் பொருத்தினார். தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தினார். அவருடைய சம்சாரம் அடுப்பில் வெந்நீர் வைத்து, காலிச் சோடா பாட்டில்களில், கை பொறுக்கும் சூட்டில் நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆறின பாட்டிலை எடுப்பதும், சுடுகிற பாட்டிலை மிதக்க விடுவதுமாக நேரம் போயிற்று.

நடுநிசிக்கு மேல் வெப்பமானி 24 காட்டியது. அப்போது அந்த அம்மாள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் சொல்லாத மாதிரி சொன்னார்:

"நான் இந்த மலைக்கு வந்தப்போ எனக்கு இருபது வயசு, தம்பி. தஞ்சாவூர்ப் பக்கத்திலேருந்து, ஐப்பசியிலே கல்யாணமாகி, நாலு நூல் புடவையோட வந்தேன். எஸ்டேட் குவார்ட்டர்ஸிலே ஜன்னலுக்குக் கண்ணாடி சரியா இல்லே. விடிய விடியப் பல்லு கிட்டும். அன்னிக்கு யாரும் தெர்மாமீட்டர் வெச்சுப் பார்க்கலை."

குரலில் கோபம் இல்லை. கையில் இருந்த பாட்டிலைத் துடைத்து அவரிடம் நீட்டினார். சிநேகிதர் அதை வாங்கிக்கொண்டு, வெகு நேரம் நீரில் விடாமல் வைத்திருந்தார். பிறகு, "நீ போய்ப் படு, நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்த அம்மாள் போகவில்லை. குளிர் என்றால் என்னவென்று அந்த வீட்டில் அவருக்குத்தானே நன்றாகத் தெரியும்?

அந்த வார்த்தை பல நாள் என் காதில் இருந்தது. அது ஓர் அம்மாளின் கதை மட்டும் அல்ல. இந்த மலையின் தேயிலைச் சரிவுகளில் வேலைக்கென்று கீழேயிருந்தும் கடல் தாண்டியும் கொண்டுவரப்பட்டவர்கள் எத்தனை பேர்! 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று எழுதியது. அப்படி வந்தவர்களுக்காகவே 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கமெல்லாம் அவர்கள் குடியேறினார்கள். அதற்கும் முன்பு, 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம்தான், வீடு கொடுப்பது தோட்டக்காரரின் கடமை என்றே எழுதி வைத்தது. எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதற்கு முந்தைய நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். ஓர் அறையும் ஓர் அடுப்படியுமாக நீளும் லைன் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம், ஆளை எண்ணியவர்கள் இடத்தை அளக்க மறந்தார்களே என்று தோன்றும். மருமகளைக் கொண்டுவருகிற வீட்டிலும், முதிய தகப்பனாரைக் கிராமத்திலிருந்து பட்டணத்து ஒற்றை அறைக்கு அழைத்து வருகிற மகனிடத்திலும் இதே மறதி இருக்கிறது. "எங்களோடு வந்து இருங்கள்" என்று சொல்வது சுலபம். எங்கே நிற்பார், எங்கே ஒதுங்குவார், எந்தக் குளிருக்குப் பழகியவர் என்று முன்னாலேயே கேட்பவர் அபூர்வம்.

மறுநாள் பதினோரு மணிக்கு மின்சாரம் வந்தது. பதினாறு மணி நேரத்தில் மூன்று டிகிரிதான் இறங்கியிருந்தது. ஆறு மீனும் பிழைத்தன. முட்டைகள் பிழைக்கவில்லை, வெள்ளை பூத்துப் போயின. இளம் ஜோடியின் முதல் ஈட்டுக்குப் பெரும்பாலும் அதுதான் கதி. குளிர்மேல் மட்டும் பழி போடுவதற்கில்லை. மூன்று வாரம் கழித்து அதே சிலேட்டில் மறுபடி முட்டையிட்டதாகக் கடிதம் வந்தது. கடிதத்தின் அடியில் வேறொரு செய்தி: படுக்கை அறை ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டாராம். ஹீட்டரும் ஒன்று வாங்கினாராம். "இது அறைக்கு" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்.

மலையில் இருக்கும் வாசகர்கள் ஏஞ்சல் மீன் வளர்க்க விரும்பினால், இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளட்டும்: உயரம் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது, ஆறு மீனுக்கு மூன்றடி நீளம், இரண்டு ஹீட்டர், மூன்று பக்கம் போர்வை, நீரோட்டம் மெதுவாக இருக்கப் பஞ்சு வடிகட்டி, ஆறு வாரப் பொறுமை. இது முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். மலைக் குளிரை ஹீட்டர் இல்லாமலே சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும் தங்க மீன் இருக்கிறது. அதற்கும் பெரிய தொட்டி வேண்டும்தான்; ஆனால் சமவெளி ஒன்றைக் கட்டித் தர வேண்டியதில்லை.

இப்போது குன்னூரில் பலரும் சிநேகிதர் வீட்டுக்கு வந்து தொட்டி எதிரில் நின்று, "இந்த மாதிரி மீன் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். அவர் விலாசம் சொல்வதில்லை. இன்ச் டேப்பை எடுத்துக் கையில் கொடுத்து, "வீட்டிலே மூணடி இடம் எங்கே இருக்குன்னு முதல்லே அளந்துக்கிட்டு வாங்க" என்கிறார். இதுவரை டேப்பைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் இரண்டே பேர்.